கடன் வாங்கி ஃபிளாட்டா, வாடகை வீடா? அப்பா காலத்துக் கணக்கும் இன்றைய கணக்கும்

“வாடகை கொடுப்பது தண்டம். அதே காசை இ.எம்.ஐ. கட்டினால் வீடாவது மிஞ்சும்.” சென்னையில் முப்பதைத் தொட்டவர்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அறிவுரை இது. அவர்கள் காலத்தில் சரியாக இருந்த கணக்குதான். இன்றும் சரிதானா?

ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் 70 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். இந்த விலைக்கு வங்கி 80 சதவீதம் வரைதான் கடன் தரும். அதாவது 56 லட்சம். மீதி 14 லட்சமும், முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் என்று ஏறக்குறைய 5 லட்சமும் நாம் புரட்ட வேண்டும். 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 48,600. முதல் மாதம் அதில் வட்டிக்கே 39,600க்கு மேல் போய்விடும். அசலில் கழிவது 9,000 கூட இல்லை. அதே வீட்டுக்கு வாடகை 20,000, 22,000 என்று கொண்டால், முதல் சில ஆண்டுகளுக்கு வட்டியாகப் போவது வாடகையைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. வாடகை தண்டமென்றால் அதுவும் தண்டம்தான்.

வட்டிக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம், பராமரிப்புச் செலவு, முதலில் போட்ட 19 லட்சம் வைப்புநிதியில் ஈட்டியிருக்கும் வட்டி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஃபிளாட் விலை ஆண்டுக்கு 5, 6 சதவீதம் ஏறினால்தான் வாங்கியவரும் வாடகைக்காரரும் சமமாவார்கள். கட்டடம் பழசாகிக்கொண்டே போகும். விலை ஏறுவது யூ.டி.எஸ். நிலத்துக்கு, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் நம் பெயருக்கு வரும் பிரிக்கப்படாத பங்குக்கு; அடுக்குமாடியில் அது கையகலம்தான்.

அப்பா தலைமுறைக்கு வட்டி குறைவாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1990களில் வீட்டுக்கடன் வட்டி 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் அவர்களில் பலர் வாங்கியது மனை. 1977இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் மனை பிரித்துக் கொடுத்தது. சின்ன மனை, அடிப்படை வசதிகள், அவ்வளவுதான். காசு சேரச் சேரச் சுவர் எழுப்பி, பிள்ளை வேலைக்குப் போனதும் மாடி எடுத்தார்கள். அன்றைய அரும்பாக்கத்தில் இன்று மெட்ரோ ஓடுகிறது. 20 ஆண்டுத் தவணையில் மொத்தமாக மாட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக வீடு கட்டும் அந்த வழி இன்று நகருக்குள் அடைபட்டுவிட்டது.

இன்னொன்று ஓய்வூதியம். அரசு ஊழியரால் சேமிப்பு முழுவதையும் துணிந்து வீட்டில் போட முடிந்தது, முதுமைக்கு வேறு வழி இருந்ததால். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களை, ஊழியரும் அரசும் மாதாமாதம் பணம் போடும், இவ்வளவு கிடைக்கும் என்ற உறுதி இல்லாத பங்களிப்பு ஓய்வூதியத்தில்தான் சேர்த்தார்கள். தனியார் வேலையில் இருப்பவர் இ.எம்.ஐ.யும் கட்டி, முதுமைக்கும் தானே சேர்க்க வேண்டும்.

இதனாலேயே வாடகை சுகம் என்று சொல்லமாட்டேன். “சைவமா? நீங்க என்ன ஆளுங்க?” என்று வீட்டு உரிமையாளர் கேட்கும் கேள்விகளை எந்த இ.எம்.ஐ. கணக்கிலும் சேர்க்க முடியாது. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அட்வான்ஸுக்கு அளவாக வைத்தது. அதற்குமேல் கேட்பது நின்றபாடில்லை. அறுபது வயதில், சம்பளம் நின்ற பிறகு, வீடு மாறச் சொன்னால் எங்கே போவது? சொந்த வீட்டுக்கு இதைவிட வலுவான நியாயம் கிடையாது.

இரு தலைமுறைக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைவிட, இன்றைய தலைமுறைக்குள்ளேயே இருக்கும் இடைவெளிதான் என்னை உறுத்துகிறது. அன்று மனை வாங்கியவரின் பிள்ளைக்கு அந்த 19 லட்சம் வீட்டிலிருந்தே வரும். வாடகை வீட்டில் வளர்ந்தவர் அதே சம்பளம் வாங்கினாலும் அதைச் சேர்ப்பதற்குள் விலை இன்னொரு படி ஏறிவிடும். இருவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

என் தீர்ப்பு இதுதான். முன்பணம் கையில் இருந்து, தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கி, பத்தாண்டுக்காவது அதே பகுதியில் இருப்பது உறுதியென்றால் வாங்குங்கள். முன்பணத்துக்கே தனிநபர் கடன் எடுக்க வேண்டுமென்றால் வாடகையில் இருங்கள்; மிச்சமாகும் தொகையை ஒரு மாதம்கூடத் தவறாமல் முதலீட்டில் போடுங்கள். அதைப் போடாதவருக்கு வாடகைக் கணக்கும் தோற்றுவிடும்.