முகப்புல டிஎல்ஆர்4, உள்கட்டுல சிகாஸ்

போன வாரம் காரைக்குடில அப்பத்தா வீட்டு வளவுல ஆத்தங்குடி கல்லு மாத்தும்போது உடைஞ்ச முனை ஒண்ணு கால கிழிச்சிருச்சு, சாயங்காலத்துக்குள்ள செவந்து வீங்கி தொட்டா சுடுது. இப்படி சூட்ட கிளப்புற நம்ம உடம்போட நோய் எதிர்ப்புக் காவலாளிங்கள்ல ஒண்ணுதான் டிஎல்ஆர்4ங்கிற புரதம். நம்ம முகப்பு மாதிரி செல்லோட வெளிச்சவ்வுலயே நின்னு, கிராம்-நெகட்டிவ்ங்கிற வகை பாக்டீரியா மேல இருக்கிற எல்பிஎஸ்ங்கிற கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூற எம்டி-2ங்கிற இன்னொரு புரதத்தோட துணையோட புடிக்கும், உடனே உள்ள ஜீன்கள முடுக்கிவிடுற என்எஃப்-கப்பா-பிங்கிற புரதம் முழிச்சு டிஎன்எஃப், ஐஎல்-6னு வெள்ளணுக்கள கூப்பிடுற சேதிய கொட்டும். எல்பிஎஸ்ஸ உணருறது டிஎல்ஆர்4தான்னு 1998ல காட்டுன புரூஸ் பாய்ட்லருக்கு 2011 நோபல்ல பங்கு.

சிகாஸ்ங்கிற இன்னொரு காவல் புரதத்தோட கதையே வேற, அது உள்கட்டு ஆளு. டிஎன்ஏ நியூக்ளியஸ்லயோ மைட்டோகாண்ட்ரியாலயோதான் இருக்கணும், அத விட்டு சைட்டோசோல்ல, அதாவது செல்லுக்குள்ள இருக்கிற திரவத்துல கிடந்தா வைரஸ் ஏதோ பூந்துருச்சுன்னு எடுத்துக்கிட்டு, சிஜிஏஎம்பின்னு ஒரு சின்ன மூலக்கூற செஞ்சு ஸ்டிங்ங்கிற புரதத்துக்கு அனுப்பும், அங்கருந்து இன்டர்ஃபெரான்ங்கிற எச்சரிக்கைப் புரதம் கிளம்பி பக்கத்து செல்லையும் உஷார் பண்ணிரும். எனக்கு இதுதான் பெரிய பிரமிப்பு, ஏன்னா நம்ம டிஎன்ஏ, கிருமி டிஎன்ஏங்கிற வித்தியாசத்த விட அது எங்க கிடக்குங்கிறத வச்சுத்தான் பெரும்பாலும் முடிவு பண்ணுது. அதனாலயே சொந்த டிஎன்ஏ துண்ட துடைக்கிற ட்ரெக்ஸ்1 என்சைம் பழுதான குழந்தைங்களுக்கு மூளையையே தாக்குற ஐக்கார்டி-கூட்டியேர் நோய் வருது, பாவம். டிஎல்ஆர்4 மிஞ்சினாலும் சும்மா இல்ல, தொற்றால ரத்த அழுத்தம் அபாயமா விழுற செப்டிக் ஷாக் வரைக்கும் போயிரும்.