ட்ரெய்லர் இழுக்க கோரோலா கிராஸ் போதுமா, ஹைலக்ஸ்தான் வேண்டுமா?

ஈஸ்டர் வாரம் வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டுக்கு வீடு ட்ரெய்லர் வெளியே வந்துவிடும். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு அண்டாவும் கேஸ் அடுப்பும் கூடாரக் கம்பியும் ஏற்றுகிறவர்கள் ஒரு பக்கம். ஜோகன்னஸ்பர்க் சொந்தக்காரர் வீட்டுக்குப் பெட்டி படுக்கையோடு கிளம்புகிறவர்கள் இன்னொரு பக்கம். முன்பெல்லாம் அதற்குப் பக்கிதான், அதாவது பின்னால் சுமைத் தொட்டி உள்ள பிக்கப் வண்டி. இப்போது சற்று உயரமான சின்ன கார்களான கிராஸ்ஓவர்களின் பின்னாலும் ட்ரெய்லரை மாட்டும் கொக்கிக் கம்பியான டோ பார் தெரிகிறது. ஒப்பிட்டுப் பார்க்க டொயோட்டாவின் கோரோலா கிராஸ் கிராஸ்ஓவரையும் ஹைலக்ஸ் பக்கியையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுமே இசிப்பிங்கோவை ஒட்டிய பிராஸ்பெக்டன் ஆலையில் உருவாகிறவை.

கிராஸின் 1.8 பெட்ரோல் எஞ்சின் 103 கிலோவாட், 172 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஹைலக்ஸின் 2.8 டீசல் ஆட்டோமேட்டிக் 150 கிலோவாட், 500 நியூட்டன் மீட்டர். இழுவிசையில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் இழுக்குமா என்பதைவிட நிறுத்த முடியுமா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

தென்னாப்பிரிக்கச் சட்டமும் அதில்தான் கண்டிப்பாக இருக்கிறது. ட்ரெய்லரின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோவைத் தாண்டாமலும், இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதியைத் தாண்டாமலும் இருந்தால்தான் அது பிரேக் இல்லாமல் ஓடலாம். 1,300 கிலோ வண்டி என்றால் எல்லை 650. லக்கேஜ் ட்ரெய்லர் பலவற்றில், அனுமதிக்கப்பட்ட எடையைச் சொல்லும் தகட்டில் 750 என்று இருக்கும். நீங்கள் ஏற்றியது 400 கிலோதான் என்றாலும் தகட்டு எடைதான் கணக்கு; அதற்குப் பிரேக் வேண்டும். இரண்டு டன்னை ஒட்டிய ஹைலக்ஸுக்கு அதே 750 சிக்கல் இல்லை. பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் 2.8 ஹைலக்ஸ் 3,500 கிலோ வரை இழுக்கும். கார் கையேடு சட்டத்தைவிடக் குறைவான எடையைச் சொன்னால் கையேட்டையே கேளுங்கள். அப்புறம், 750-ஐத் தாண்டிய ட்ரெய்லருக்கு சாதாரண கார் உரிமமான கோடு பி போதாது, கனமான ட்ரெய்லரோடு ஓட்டுவதற்கான இபி வேண்டும்.

அடுத்தது பாதை. இசிப்பிங்கோவுக்கும் சாட்ஸ்வர்த்துக்கும் இடையே எந்த வண்டியும் சமாளிக்கும். ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலை வேறு கதை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டினால் டவுன் ஹில் (Town Hill) என்ற மேடு, அப்புறம் மூயி ரிவர், வான் ரீனன் கணவாய் என்று ஏற்றம் மேல் ஏற்றம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் பத்து சதவீதம் அளவுக்கு வலு இழக்கும். அப்படியானால் மேலே போகும்போது கிராஸிடம் மிஞ்சுவது சுமார் 85 கிலோவாட். ஐந்து பேரும் ட்ரெய்லரும் சேர்ந்தால் எஞ்சின் அலறும், சிவிடி என்ற தானியங்கி கியர்பெட்டி சூடாகும். டர்போ டீசலுக்கு இந்த இழப்பு மிகக் குறைவு.

என் பயம் ஏற்றத்தில் இல்லை, திரும்பி வரும் இறக்கத்தில். ஹில்டனிலிருந்து டவுன் ஹில் இறங்கும்போது பிரேக் இல்லாத ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு தளரும். உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, தாழ்ந்த கியருக்கு மாறி இறங்க வேண்டும்.

வேகத்தில் ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடுவதும் சின்ன வண்டியைத்தான் அதிகம் கலங்கடிக்கும். கிராஸின் முன், பின் சக்கர இடைவெளி 2,640 மில்லிமீட்டர், இரட்டை கேபின் ஹைலக்ஸுக்கு 3,085. நீளமும் எடையும் கூடினால் ஆட்டத்தைத் தாங்கும். ஆனால் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் நாம் ஏற்றுகிற விதம். அண்டாக்களைக் கடைசியில் அடுக்கினால் கொக்கி மேல் எடையே இருக்காது. கனமானதை அச்சுக்கு நேர் மேலேயும் சற்று முன்னாலும் வையுங்கள். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொக்கி மேல் அமர வேண்டும். 600 கிலோவுக்கு 30 முதல் 60 கிலோ. குளியலறைத் தராசிலேயே அளந்துவிடலாம். அந்த எடையும் காரின் சுமைக் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள். ஆடத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள்.

பக்கிக்கும் குறை உண்டு. வெறுமனே ஓடினால் பின்பக்கம் குதிக்கும், மழையில் வழுக்கும், விலை கிராஸைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் கோயில் சாமானுக்கு அதன் தொட்டியே போதும், ட்ரெய்லரே தேவையில்லை.

என் முடிவு இது. டர்பனுக்குள் 500 கிலோ தகடுள்ள ட்ரெய்லர் என்றால், கையேடும் அதை அனுமதித்தால், கிராஸில் தயங்காமல் போவேன். ஜோகன்னஸ்பர்க்குக்கு இரண்டு, மூன்று பேர், லேசான சுமை, 90 கிலோமீட்டர் வேகம் என்றால் சரி. குடும்பம் முழுக்க ஏறி, ட்ரெய்லரும் நிறைந்திருந்தால் வேண்டாம். கேரவன் என்றால் ஹைலக்ஸ்தான்.

வேறு சின்ன கிராஸ்ஓவர் வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் கையேட்டில் பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு எவ்வளவு, இல்லாததற்கு எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். எண்ணே இல்லாத வண்டிக்கு, கடைக்காரர் என்ன சொன்னாலும் டோ பார் பொருத்தாதீர்கள்.