கிட்டார் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பது எவ்வளவு முக்கியம்? காவிரிப் படுகையில் மூன்று கிட்டார்களுடன் ஒரு நீண்டகால அனுபவம்

கும்பகோணத்தில் கிட்டார் கற்றுத்தரும் என்னிடம், பிள்ளைக்கு முதல் கிட்டார் வாங்க வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சார், இது இந்தோனேசியாவில் செஞ்சதுன்னு போட்டிருக்கே, எடுக்கலாமா?" இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் மெக்சிகோவிலும் செய்யப்பட்ட மூன்று கிட்டார்களைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் மெல்லிசை மேடைகளிலும் வகுப்பிலும் மாறி மாறி வாசித்து வருகிறேன். கேள்வி நாட்டைப் பற்றியது என்பதால், அவற்றை நாட்டின் பெயராலேயே குறிப்பிடுகிறேன். இத்தனை காலப் பயன்பாட்டில் நான் வந்தடைந்த கருத்து இதுதான்: ஒரு கிட்டாரின் தரத்தை அது பிறந்த நாட்டைவிட, என்ன விலைக்குள் அதை முடிக்க வேண்டும் என்று அந்த ஆலைக்குச் சொல்லப்பட்டது என்பதே அதிகமாகத் தீர்மானிக்கிறது.

நாட்டின் பெயர் எவ்வளவு விரைவில் மதிப்பு மாறக்கூடியது என்பதற்கு ஜப்பானே சான்று. 1977-ஆம் ஆண்டு, அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனின் உரிமையாளராக அன்றிருந்த நார்லின் நிறுவனம், தலைப்பகுதியின் வடிவத்தை நகலெடுத்ததாகக் கூறி ஜப்பானிய ஐபனெஸ் கிட்டார்களின் அமெரிக்க விநியோகஸ்தர்மீது வழக்குத் தொடுத்தது. அந்தக் கிட்டார்களைச் செய்துவந்த மாட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிஜென் ஆலையைத்தான், 1982-இல் மற்றோர் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் தன் ஜப்பானியக் கிளைக்காகத் தேர்ந்தெடுத்தது. நகல் என்று பேசப்பட்ட அதே கைகள், ஐந்தே ஆண்டுகளில் அசல் பெயருக்கு உழைக்கத் தொடங்கிவிட்டன. பின்னர் கொரியாவின் முறை வந்தது. 1973-இல் கொரியாவில் தொடங்கப்பட்ட கோர்ட்டெக் நிறுவனம், கூலி உயர உயர, 1990-களின் நடுவில் இந்தோனேசியாவின் சுரபாயாவில் ஆலை அமைத்து, இன்று பல பெரிய நிறுவனங்களுக்கு அங்கிருந்து கிட்டார்களைச் செய்து தருகிறது. ஃபெண்டரின் மலிவுப் பிரிவான ஸ்குவயரின் கிளாசிக் வைப் வரிசை 2008-இல் சீனாவில் செய்யப்பட்டு வெளிவந்தது. 2019-இல் அதே பெயருடன் இந்தோனேசியாவுக்கு மாறியது. ஆலையின் கைத்திறன் வளர்ந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த நாட்டின் பெயர் கடைவீதியில் மதிப்புப் பெறுகிறது. இடைப்பட்ட அந்தக் காலத்தில் வாங்குபவருக்குக் கிடைப்பதுதான் உண்மையான ஆதாயம் என்று நான் நினைக்கிறேன்.

அமெரிக்க, மெக்சிகோ வேறுபாட்டையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். ஃபெண்டரின் அமெரிக்க ஆலை கலிஃபோர்னியாவின் கொரோனா நகரில் உள்ளது. 1987-இல் தொடங்கப்பட்ட மெக்சிகோ ஆலை என்செனாடாவில் உள்ளது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய கும்பகோணத்திற்கும் சென்னைக்கும் உள்ள தூரம்தான். ஆனால் புதிதாக வாங்கும்போது மெக்சிகோக் கிட்டாரின் விலை அமெரிக்கக் கிட்டாரின் விலையில் ஏறக்குறைய பாதியாக இருக்கிறது. கூலி வேறுபாட்டோடு, பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றுவது), பிரிட்ஜ் (தந்திகளை உடற்பகுதியில் தாங்குவது) போன்ற பாகங்களின் தேர்வும், கழுத்தில் குறுக்காகப் பதித்த ஃப்ரெட் என்னும் உலோகக் கம்பிகளின் ஓரங்களையும் கழுத்தின் விளிம்பையும் உருட்டித் தேய்க்கக் கொடுக்கப்படும் நேரமும் இந்த விலையில் அடங்கியுள்ளன.

ஃப்ரெட் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தஞ்சைப் பகுதியில் வாழும் எவருக்கும் இது எளிதில் விளங்கும். பலா மரத்தில் செய்யப்படும், 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில், இருபத்து நான்கு மெட்டுகளும், அதாவது வீணையின் ஃப்ரெட்டுகளும், மெழுகின்மேல் பதிக்கப்படுகின்றன. காலப்போக்கில் சுருதி விலகினால், மெழுகை இளக்கி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு நகர்த்தி, மறுபடியும் பதித்துவிடலாம்; இதை மேளம் கட்டுதல் என்பார்கள். கிட்டாரில் அந்த வாய்ப்பு இல்லை. மரத்தில் அறுத்த கோட்டுக்குள் ஃப்ரெட் அழுத்தி இறக்கப்பட்டுவிடுகிறது. இடம் தவறினால் திருத்த முடியாது, உயரம் தவறினால் தேய்த்துச் சமன் செய்யலாம், அவ்வளவே. கோடு அறுக்கும் வேலையைக் கணினி இயந்திரங்கள் சுரபாயாவிலும் கலிஃபோர்னியாவிலும் ஒரே துல்லியத்துடன் செய்கின்றன. அதற்குப் பின் வரும் சமன்படுத்தல், ஓரம் மழித்தல், கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களைத் தந்தியின் பருமனுக்கேற்ப அரம்கொண்டு ஆழப்படுத்தல் ஆகியவை பெரும்பாலும் மனிதக் கைகள் செய்பவை. மலிவுக் கிட்டாரில் முதலில் வெட்டப்படுவது இந்த நேரம்தான்.

என் இந்தியக் கிட்டார் ஓர் உள்நாட்டுப் பட்டறையில் செய்யப்பட்டது. நட்டின் பள்ளங்கள் ஆழமில்லாததால் முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடிக்க விரல் நோகும். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் தந்தி ஃப்ரெட்டில் பட்டு இரைந்து அதிரும். இரண்டாவது மழைக்காலத்தில் பிரிட்ஜின் பின்விளிம்பு மேலெழும்பிவிட்டது. ஒட்டவைத்து, ஃப்ரெட்டுகளைச் சமன் செய்து, நட்டை மாற்றிய பிறகு அது நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் அந்தச் செலவு கிட்டாரின் விலையை எட்டிவிட்டது. இதை வைத்து இந்தியத் தயாரிப்பு மட்டம் என்று முடிவு கட்டுவது தவறு. யமஹா நிறுவனம் சென்னைக்கு அருகே அமைத்த ஆலை 2019-இல் உற்பத்தியைத் தொடங்கி, கீபோர்டுகளோடு அக்கூஸ்டிக் கிட்டார்களையும் செய்கிறது. என் மாணவர்கள் கொண்டுவரும் அந்தக் கிட்டார்களில் ஃப்ரெட்டுகள் சீராக இருக்கின்றன, சுருதி நிற்கிறது, முக்கியமாக ஒன்றுக்கொன்று வேறுபாடு மிகக் குறைவாக உள்ளது. "இந்தியாவில் செய்தது" என்ற ஒரே முத்திரைக்குள் இந்த இரண்டும் அடங்குகின்றன.

மரத்தைப் பொறுத்தவரை நாட்டின் பெயர் இன்னும் குறைவாகவே பேசுகிறது. பிரேசில் ரோஸ்வுட் அரிதானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இன் இறுதியில் இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நம் ஈட்டி மரத்துக்கு, மாறியது. பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992-இல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட பின் இந்தத் தேவை மேலும் கூடியது. காவிரி பிறக்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம், பென்சில்வேனியாவில் முதுகுப் பலகையாகி, அமெரிக்கக் கிட்டார் என்ற பெயருடன் நம்மிடமே திரும்பி வருகிறது.

எந்தக் கிட்டாரையும் உண்மையில் சோதிப்பது நம் ஊர்க் காற்று. கிட்டார் செய்வோர் பொதுவாகப் பரிந்துரைக்கும் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் அதை எதிர்பார்க்கவே முடியாது. ஈரத்தில் அக்கூஸ்டிக்கின் மேற்பலகை உப்பி, தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியான ஆக்‌ஷன் உயர்கிறது. கத்திரி வெயிலில் மரம் சுருங்க, ஃப்ரெட்டுகளின் முனைகள் கழுத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறுகின்றன. என் இந்தோனேசியக் கிட்டாரில் முதல் கோடையிலேயே இது நடந்தது; ஒருமுறை அரத்தால் மழித்த பின் மறுபடியும் வரவில்லை. மெக்சிகோக் கிட்டாரில் நடக்கவே இல்லை. மற்றபடி இரண்டுக்கும் மழைக்கு முன்னும் பின்னும் கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உட்கம்பியான ட்ரஸ் ராடைச் சிறிது திருப்புவதே போதுமானதாக இருக்கிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் வாசித்துவிட்டு வந்தால் உப்புக்காற்று தந்திகளையும் சுவிட்சுகளையும் அரிக்கத் தொடங்குகிறது. இந்தோனேசியக் கிட்டாரின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பொட்டை மாற்ற வேண்டியிருந்தது, மெக்சிகோக் கிட்டாரில் சுத்தம் செய்ததே போதுமானதாக இருந்தது. மேடையில் ஒலியை மட்டும் கேட்டு இந்த இரண்டையும் பிரித்தறிவது என் குழுவினருக்குக் கடினம். நீண்ட நேரம் வாசிக்கும் என் இடக்கைக்கு வேறுபாடு தெரிகிறது.

எனவே கடையில், பெட்டியின் மேலுள்ள எழுத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்தின் ஓரம் முழுவதும் விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் மீட்டி இரைச்சலான அதிர்வு உண்டா என்று கேட்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரமும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். இணையத்தில் வாங்குவோருக்கு இவை எதற்கும் வழியில்லை என்பதால், திருச்சிக்கோ சென்னைக்கோ ஒரு நாள் போய்வருவது வீண் செலவல்ல. வாங்கிய கிட்டாரை வாசிக்க ஏற்றபடி சரிசெய்யும் செட்டப்புக்கு ஒரு தொகையை முன்பே ஒதுக்கி வைப்பதும் நல்லது.

என் இந்தோனேசியக் கிட்டாரின் முதல் மூன்று ஃப்ரெட்டுகள் இப்போது நன்றாகத் தேய்ந்துவிட்டன. எல்லா ஃப்ரெட்டுகளையும் மாற்ற, அதை வாங்கிய விலையில் பாதிக்கு நெருக்கமாகச் செலவாகும் என்கிறார்கள். கழுத்து இன்னும் நேராக இருப்பதால், வரும் தை மாதத்தில் அந்த வேலைக்குக் கொடுக்கப் போகிறேன்.