பழைய காருக்கு இரிடியம் பிளக்கா, புது ஒயரா?

எங்கள் வீட்டு 2003 மாருதி 800, எம்பிஎஃப்ஐ வண்டி; அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும் வகை. மூன்று சிலிண்டர், 796 சிசி. குளச்சலில் கடற்கரைக்கு அருகிலேயே நிற்கிறது. பேச்சிப்பாறைக்குப் போகும் வழியில் ஏற்றத்தில் திணறத் தொடங்கியபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இரிடியம் முனை வைத்த ஸ்பார்க் பிளக், பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் புது ஒயர், டேங்கில் ஊற்றும் கிளீனர், இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவுதல். நான்கையும் செய்து பார்த்துவிட்டேன்.

இரிடியம் பிளக்கின் நடுமுனை ஊசிபோல மெலிந்தது. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் விட்டம்தான் இருக்கும். சாதாரண நிக்கல் பிளக்கில் அது ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். மெலிந்த முனையில் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பாயும், தேய்மானமும் குறைவு. நிக்கல் பிளக் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை என்றால், இரிடியம் இரண்டு மூன்று மடங்கு தாங்கும். லாபம் முழுவதும் ஆயுளில்தான். புது நிக்கலுக்கும் புது இரிடியத்துக்கும் பிக்கப்பில் எந்த வேறுபாடும் எனக்குத் தெரியவில்லை. ஆயில் எரிக்கும் எஞ்சினாக இருந்தால் இரண்டிலும் கரி படியும்.

ஒயர் கதை வேறு. ஒரு மழை இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்தேன். முதல் சிலிண்டருக்குப் போகும் ஒயரின் மேல் நீல நிறத்தில் மெல்லிய பொறி ஊர்ந்துகொண்டிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வெடித்த ரப்பர் வழியாக எஞ்சின் உடம்பில் இறங்குகிறது! இரிடியம் போட்ட பிறகும் மிஸ்ஸிங் (சிலிண்டர் இடையிடையே எரியாமல் விடுவது) நிற்காததன் காரணம் அங்கே கண்ணெதிரே தெரிந்தது. ஒயர் முனைகளிலும் எஞ்சினின் எர்த் ஒயரிலும் பச்சைக் களிம்பு. உப்புக்காற்றும் ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் உள்ள நம் குமரி மாவட்டத்தில், கடலோர வண்டிகளுக்கு நான் முதலில் சொல்வது ஒயர் செட்டும் எர்த் சுத்தமும்தான். இரிடியம் அதற்குப் பிறகு.

ஒயரை மாற்றி எர்த்தைச் சுத்தம் செய்ததும் மிஸ்ஸிங் நின்றது, இழுவை மட்டும் முழுதாக வரவில்லை. கழற்றிப் பார்த்தபோது மூன்றாவது பிளக்கின் முனை வெளிறியிருந்தது. நன்றாக எரியும் சிலிண்டரில் அது இளம்பழுப்பாக இருக்க வேண்டும். வெளிறினால் பெட்ரோல் போதவில்லை என்று சந்தேகிக்கலாம்.

பெட்ரோல் குறைவதற்கு இன்ஜெக்டரில் படியும் அழுக்கு காரணமாக இருக்கலாம். அதற்கு டேங்கில் கிளீனர் ஊற்றுவது எளிது. லேசான படிவுக்கு உதவும். ஆண்டுக்கணக்கில் இறுகிய படிவை அது அசைக்கவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒலி அதிர்வால் அழுக்கை நீக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடும் முன் கண்ணாடிக் குழாய்களில் பீய்ச்சிக் காட்டினார்கள். இரண்டில் பெட்ரோல் ஒரே மட்டம்; மூன்றாவதில் தெளிவாகக் குறைவு, அதுவும் புகையாகப் பரவாமல் ஒற்றைத் தாரையாக. கழுவிய பின் மூன்றும் ஒரே மட்டத்துக்கு வந்தன. கழற்றினால் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் இன்ஜெக்டருக்குள் இருக்கும் சிறு வடிகட்டியையும் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். பழைய ஓ-ரிங் கசிந்தால் சூடான எஞ்சின் மீது பெட்ரோல் சொட்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கக்கூடும் என்பதால் எரிபொருள் ஹோஸ்களையும் கையோடு பார்த்துவிடுவது நல்லது.

மறுவாரம் அதே ஏற்றத்தில் வண்டி மூன்றாம் கியரிலேயே ஏறியது.