டெபியன் கூடுகை: விழுப்புரமா, கொச்சியா, வீட்டில் காணொளியா?

டெபியன் என்பது விண்டோஸ் போல ஓர் இயங்குதளம்; லினக்ஸ் வகை, யாரும் இலவசமாகப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள். 2023-இல் இரண்டு டெபியன் கூடுகைகளுக்குப் போனேன். ஜனவரிக் கடைசியில் விழுப்புரத்தில் மினிடெப்கான்ஃப் என்ற உள்ளூர்க் கூடுகை, செப்டம்பரில் கொச்சியில் டெப்கான்ஃப் என்ற உலகக் கூடுகை. நான் நிரல் எழுதுகிறவன் அல்ல. திண்டிவனத்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் மலர் எல்லாம் டெபியனில்தான் வடிவமைக்கிறேன். என்னைப் போல வெறும் பயனராக இருப்பவர் எதற்குப் போகலாம் என்று கேட்டால், முதலில் விழுப்புரம் மாதிரி பக்கத்து ஊர்க் கூடுகைக்கு என்றே சொல்வேன்.

உரை கேட்க மட்டும் என்றால் பயணமே வேண்டாம். டெப்கான்ஃப் உரைகள் நேரலையாக வரும், காணொளிப் பதிவும் இலவசமாகக் கிடைக்கும். புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்கலாம். பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபோஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அங்கே கட்டணமும் கிடையாது, முன்பதிவும் கிடையாது. ஆனால் விசாவுக்கும் விமானத்துக்கும் எங்கே போவது? நேரில் போனவர்கள்தான் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொச்சி பெரிய அனுபவம். 35 நாடுகளிலிருந்து 400 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பயணத்துக்கும் தங்குவதற்கும் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம். நான் கைக்காசில் மூன்று நாள் மட்டும் இருந்தேன். வடிவமைப்பில் எனக்கிருந்த ஒரு சிக்கலை வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் காட்டினேன். அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்து, இது மென்பொருளின் வழு (பிழை)தான் என்று உறுதிசெய்தார். ரிபோர்ட்பக் என்ற வழு அறிவிக்கும் கருவியை வைத்து அதை எப்படி எழுதி அனுப்புவது என்றும் சொல்லித் தந்தார். ஊருக்குத் திரும்பிய பின் இரண்டு மின்னஞ்சல் போட்டேன், ஒன்றுக்குப் பதில் வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. சம்பளமில்லாமல் செய்கிற வேலை, அவர் இருப்பதோ இன்னொரு கண்டத்தில்.

விழுப்புரத்தை நான் உயர்த்திச் சொல்வது ஊர் திரும்பிய பின் கிடைத்த உதவிக்காகத்தான்.

விழுப்புரம் போனபோது என்னிடம் இருந்தது டெபியன் 10. அதில் இருந்த பக்க வடிவமைப்பு மென்பொருள் ஸ்கிரைபஸ், பழைய 1.4 வரிசை. 'கெ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் வரிகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தனியாக அடித்துக் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மலருக்கு இரண்டு ராத்திரி போய்விடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து காட்டியதும், பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவர், "அண்ணா, இது எழுத்துருக் கோளாறு இல்லை. 1.5 வரிசையில் இது சரியாகிவிட்டது, டெபியன் 11-க்கு மாறுங்கள்" என்றார். சாயங்காலத்துக்குள் உட்கார்ந்து மாற்றியும் கொடுத்தார்.

அதோடு முடியவில்லை. ஜூனில் டெபியன் 12 வந்தது. ஆகஸ்டில் நானே மேம்படுத்தினேன், பழைய லேசர் பிரிண்டர் நின்றுவிட்டது. ஆவணி முகூர்த்த நேரம், மேசையில் நாலு பத்திரிகை காத்திருந்தது. அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை பஸ் ஏறி வந்து, பத்து மணிக்குள் டிரைவரைச் சரிசெய்துவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். இப்போது அவர் வேலைக்குப் போய்விட்டார். அவருடைய ஜூனியர் ஒருவர் நான் கூப்பிட்டால் வருகிறார்.

கட்டற்ற மென்பொருளைக் காசுக்கு விற்ற கடைக்காரர் என்று யாரும் இல்லை. கோளாறு வந்தால் கூப்பிட ஆள் வேண்டும். அச்சகம் வைத்திருப்பவனுக்கு அதுதான் பெரிய கவலை. அந்த ஆள் ஒரு பஸ் தூரத்தில் இருப்பதும், என் கணினியை ஏற்கெனவே பார்த்தவராக இருப்பதும் எனக்கு எந்த உரையைவிடவும் பெரிது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். விழுப்புரத்தில் உயிரோட்டமான லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, அதனால்தான் எனக்கு இது அமைந்தது. உங்கள் பக்கத்தில் அப்படிக் குழுவே இல்லையென்றால் கொச்சி மாதிரி பெரிய கூடுகைக்கு முதலில் போங்கள். உங்கள் மாவட்டத்துக்காரர் யாராவது அங்கே வந்திருக்கக்கூடும். முதல் நாளே தேடிப் பிடித்து நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள்.