பேட் மாற்றுவது சுலபம்தான், காலிப்பர் பின் கழன்றால்

முன் சக்கர பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பலாம். ஆனால் எந்த ஊரில் இருந்து சொல்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீடு திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலைக்குக் கூப்பிடு தூரம். மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பியே உப்புக் காற்றில் இற்று விழுகிற இடம். காரின் அடிப்பாகம் மட்டும் தப்புமா?

வண்டி பழைய சின்ன ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். பிரேக் மிதித்தால் முன்பக்கம் கீச்சென்று சத்தம் வந்தது. பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிச் சத்தம் கொடுக்கவே அதில் ஒரு தகடு வைத்திருப்பார்கள். ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் கீழ் போல்ட்டை எடுத்து மேலே தூக்கினால் பேட் கையோடு வந்துவிடும். வலது பக்கம் அப்படித்தான் வந்தது. ஊற்றிவைத்த டீ ஆறுவதற்குள் முடிந்தது.

இடது பக்கம் அசையவே இல்லை. எட்டிப் பார்த்தால், உள்பேட் இரும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. வெளிப்பேடில் பாதிக்கு மேல் மிச்சம். இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது உள்பேடைத் தள்ளும். அதன் எதிர்விசையில் காலிப்பர் இரண்டு பின்கள் (வழுக்கி நகர உதவும் இரும்புத் தண்டுகள்) மேல் நகர்ந்து வெளிப்பேடை இழுத்துக்கொண்டு வரும். பின் இறுகிவிட்டால் உள்பேட் மட்டும் உழைக்கும். பின்னை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வண்டி நின்றது. எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான்.

துரு இளக்கும் ஸ்பிரே அடித்து இரவு முழுக்க ஊறவிட்டும் பலனில்லை. ஓங்கி அடித்தால் தலை மழுங்கிவிடும். அதனால் காலிப்பரை மட்டும் பிரித்து (ஹோஸில் தொங்கவிடாமல் ஸ்பிரிங்கோடு கட்டிவைக்க வேண்டும்), பின் சிக்கிய பிராக்கெட்டை (காலிப்பரைத் தாங்கும் சட்டம்) தனியாகக் கழற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பெரிய போல்ட்டுகளுக்கு ஸ்பேனரில் பைப்பு மாட்டி ஏறி நிற்காத குறைதான். தெருமுனை லேத் பட்டறையில் பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "பேட்ல இன்னா இருக்குது தம்பி, எல்லாம் இந்தப் பின்னுலதான் கீது" என்றார். வைஸில் கடித்து, கேஸில் சுட்டு, இழுக்காமல் இப்படியும் அப்படியும் திருகினார். கிறீச்சென்று பின் வெளியே வந்தது. நடுவில் துரு குழி பறித்திருந்தது. பழைய கிரீஸ் காய்ந்த புளி மாதிரி கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

புதுப் பின், ரப்பர் செட்டுக்கு வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு. தேரடியில் மெட்ரோ ஏறி எல்.ஐ.சி.யில் இறங்கினால் நடக்கிற தூரம். வண்டிப் பெயரைச் சொன்னால் போதாது, பழைய பின்னைக் காட்ட வேண்டும். மெட்ரோ ஸ்கேனரில் அந்தத் துருப்பிடித்த இரும்பைப் பார்த்துக் கேள்வி வரும், சொல்லிவிடுகிறேன்.

மாட்டும்போது பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். பேரிங் கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் ஏறும். வழிந்து பெயிண்ட் மேல் பட்டால் பெயிண்ட் போச்சு. வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்தே ஆக வேண்டும், முதல் மிதி தரைவரை போகும்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியாகிவிட்டது. பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுப்பது நின்றுவிட்டது, சக்கரம் சுடுவதில்லை. மழை முடிந்து திறந்து பார்த்தேன். உள்பேடும் வெளிப்பேடும் ஒரே அளவில் தேய்கின்றன. பின்னை விரலால் அழுத்தினாலே நகர்கிறது. குறை என்றால், இந்தப் பேட் கறுப்புத் தூளை நிறையக் கொட்டுகிறது. காலையில் முதல் இரண்டு பிரேக்குக்கு டிஸ்க்கில் இரவு படிந்த துரு உரசும். அது கடலோரத்தில் எந்தப் பேட் போட்டாலும் இருப்பதுதான். பணக் கணக்கு பார்த்தால் பெரிய மிச்சமில்லை. கூலியில் மிஞ்சியது லேத்துக்கும் பின் செட்டுக்கும் போயிற்று.

பின்னால் டிரம் இன்னும் பாக்கி. இறுகிய டிரம்மைத் தள்ளி எடுக்க அதிலேயே மரை போட்ட இரண்டு ஓட்டைகள் உண்டு. போல்ட்டை முறுக்கினால் டிரம் வெளியே வரும். என் வண்டியில் அந்த மரையையே துரு தின்றிருக்கிறது. அதைப் பட்டறையிலேயே விடப்போகிறேன். ஹேண்ட் பிரேக் அந்த டிரம்மில்தான் பிடிக்கும், துருவில் ஒட்டிக்கொள்ளலாம் என்பதால் அதுவரை நிறுத்தும்போது அதைப் போடுவதில்லை, கியரில் விட்டு சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன்.