படத்துக்கு இருக்கிற வேலை: வகுப்பா, தனி ஓவியரா?

சித்திரம் கீறுகிறவர்களுக்கு முன்னால் அசையாமல் இருந்து காசு வாங்குகிற வேலையைத் தொடங்கி எனக்கு இரண்டு வருசமாகிறது. அதற்கு முன் முப்பத்தொரு வருசம் தபால்காரன். பென்சன் எடுத்த மூன்றாம் மாதம், பரந்தனில் ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிற ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் சந்தையில் என்னை மறித்தார். "அண்ணை, உங்கடை முகத்திலை நல்ல கோடுகள் கிடக்கு. சனிக்கிழமையிலை வந்து ரெண்டு மணித்தியாலம் இருப்பியளோ?" வீட்டில் சொன்னபோது மனிசி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சும்மா இருக்கிறதுக்கும் காசு தருவினமோ?"

அடுத்த வருசம், வெளிநாட்டிலிருந்து வந்து இரணைமடுப் பக்கம் வீடெடுத்துத் தங்கியிருந்த ஓவியர் ஒருவருக்குப் பதினொரு நாள் இருந்தேன். எண்ணெய் வர்ணப் படம், ஆளுயரம். அது முடிந்ததும் இன்னொரு படத்துக்குக் கூப்பிட்டார். நான் போகவில்லை, சனிக்கிழமை வகுப்போடு நின்றுவிட்டேன். இப்போது கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இரண்டு மூன்று பேர் "எது நல்லது" என்று விசாரிக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். என் தராசு ஒரு பக்கம் சாய்ந்த தராசு என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்.

காசு என்று பார்த்தால் பேச்சே இல்லை, தனி ஓவியர்தான். வகுப்பில் இரண்டு மணித்தியாலத்துக்குக் கிடைப்பது அரைநாள் கூலிக்குக் கிட்ட வரும். அவர் தந்தது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சாப்பாடும் அங்கேதான், மீன் குழம்போடு. ஆனால் அவருக்குக் காலை வெயில் கிழக்கு யன்னலால் விழவேண்டும். மப்பு என்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் காசும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இப்படி ஒருவரை நம்பினால் உலை கொதியாது. வகுப்பு மழையிலும் நடக்கும். தகரக் கூரையில் மழை அடிக்கிறபோது மாஸ்டர் கத்தவேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உடுப்புப் பற்றி எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். நான் இருந்த இரண்டு இடத்திலும் உடுப்போடுதான்: சாரம், வேட்டி, ஒருநாள் பழைய காக்கிச் சட்டை. கூடினால் மேல் வெறுமையாக. மாஸ்டர் சொன்ன கதை ஒன்று: 1886 இல் அமெரிக்காவில், பிலடெல்பியாவில், தோமஸ் ஈக்கின்ஸ் என்ற ஓவிய ஆசிரியர், பெண் பிள்ளைகளும் இருந்த வகுப்பில் ஆண் மொடலின் கோவணத்தைக் கழற்றிவிட்டாராம். அதோடு அவருடைய உத்தியோகம் போனது. லண்டன் றோயல் அக்கடமியில் 1893 வரை உடுப்பில்லாத மொடலைப் பார்த்து வரைகிற வகுப்புக்குள் பெண் மாணவிகளை விடவே இல்லை. விட்டபோதும் மொடல் அரையை மூடிக்கொண்டுதான் நின்றார். எங்கள் வயலில் கோவணத்தோடு வரம்பு கட்டுகிறவரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே ஆள் அதே கோவணத்தோடு வகுப்பில் நின்றால் ஊர் கூடிவிடும். பெண்கள் இந்த வேலைக்குப் போவதைப் பற்றி நான் பெரிதாகச் சொல்ல ஏலாது. மச்சாள் ஒருநாள் சீலையோடு வந்து இருந்தா. மாஸ்டரின் மனைவி முழுநேரமும் பக்கத்தில் இருந்தா. நான் கண்டது அந்த ஒருநாள்தான்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது: போட்டோ எடுத்துக்கொண்டு போய் அதைப் பார்த்து வரைகிறவர்கள். பத்து நிமிசத்தில் அலுவல் முடியும். படம் யார் யாருடைய போனுக்குள் போகும் என்பது மட்டும் உங்கள் கையில் இல்லை. நான் ஒத்துக்கொள்வதில்லை.

இனி எனக்கு எது முடிவைத் தந்தது என்றால், மணி. எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது, அதை யார் சொல்வது. இந்த வேலையில் மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓவியர் வீட்டில் முதல்நாள் நடந்தது இது. கைபிடி வைத்த பழைய கதிரை. வலதுகாலை இடதுகால்மேல் போட்டு, கையை முழங்காலில் வைத்து, யன்னலைப் பார்க்கச் சொன்னார். நல்ல சுகமான இருப்பு என்றுதான் நினைத்தேன். கால்மணித்தியாலம் போனது. மாமரத்திலிருந்து வந்த முசுறு ஒன்று கணுக்காலில் ஏறியது. நான் அசையவில்லை, தொழிலில் புதிதாகச் சேர்ந்தவனின் வீறாப்பு. முசுறு முழங்கால்மட்டும் வந்து என்னவோ யோசித்துத் திரும்பிப் போனது. பிறகு அதன் கால்கள் ஊர்வது தெரியவில்லை. அது போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. என் கால்தான் போய்விட்டது.

ஓவியர் கெட்ட மனிதர் இல்லை. அவர் படத்துக்குள் போய்விட்டார். அவருடைய வாய் லேசாகத் திறந்திருந்தது, சாமி வந்தவர் மாதிரி. அப்படி இருக்கிறவரை எப்படிக் குழப்புவது என்று நானும் பேசாமல் இருந்தேன். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும் கழித்து "கொஞ்சம் ஆறுவமோ" என்றார். எழும்பினேன். வலதுகால் இருக்கிறது என்று நம்பிப் பாரத்தைப் போட்டேன். மேசை, தூரிகைப் போத்தல், டர்பன்ரைன், நான் எல்லாரும் ஒன்றாகத் தரைக்கு வந்தோம்.

கால் விறைப்பது எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் அன்று பின்னேரம்வரை என் பாதம் முன்பக்கம் தூக்கவில்லை. நடந்தால் செருப்பு "டப், டப்" என்று தரையில் அடித்தது. டொக்டர் என் முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக, எலும்பு முடிச்சுப்போலத் தட்டுப்படுகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். அந்த இடத்தில் ஒரு நரம்பு தோலுக்குக் கிட்டவாக எலும்பைச் சுற்றிப் போகிறது. பாதத்தை மேலே தூக்குகிற தசைகளுக்குப் போவது அதுதான். கால்மேல் கால் போட்டு நெடுநேரம் இருந்தால் அது நசிகிறது. ஒரு மணித்தியாலத்தில் நசிந்தது பின்னேரம் சரிவரும்; கிழமைக்கணக்கில் நசித்தால் சரிவர மாதக்கணக்கு எடுக்கலாம் என்றார். "என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்டார். "இருக்கிற வேலை" என்றேன். எழுதாமல் நிமிர்ந்து பார்த்தார்.

வகுப்பில் இது நடக்காது, ஏனென்றால் அங்கே மணி அடிக்கும். வகுப்பில் இருக்கிற ஒரு பெடியன்தான் நேரம் பார்க்கிறவன், போனில் வைத்துவிடுவான். முதலில் ஒரு நிமிச நிலை பத்து. பிறகு ஐந்து நிமிசத்தில் இரண்டு. அதன்பின் இருபது நிமிச நிலை, ஐந்து நிமிச ஓய்வு, திரும்ப அதே நிலை. ஒரு நிமிசத்துக்கு உடம்பு எதையும் தரும். தபால் பையைத் தோளில் எறிகிற நிலை, சைக்கிளில் தாவி ஏறுகிற நிலை, கதிர்க்கட்டைத் தலைக்குத் தூக்குகிற நிலை எல்லாம் கொடுத்திருக்கிறேன். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பது மூன்று நிமிசத்துக்கு மேல் தாங்காது. இருபது நிமிசத்துக்கு ஒன்றில் சாய்மானம் வேண்டும், அல்லது இரண்டு காலிலும் பாரம் பகிர்ந்து நிற்கவேண்டும்.

ஒருநாள் மாஸ்டர் கோயில் சிலைகளின் நிலைகளைப் படிப்பித்தார். உடம்பு நேராக நிற்பது சமபங்கம். ஒரு காலில் பாரம் போட்டு லேசாக வளைவது அபங்கம். தலை, இடுப்பு, முழங்கால் என்று மூன்று இடத்தில் ஒடிவது திரிபங்கம். மூன்றுக்கும் என்னைத்தான் நிறுத்தினார். திரிபங்கத்தில் ஆறாவது நிமிசம் இடுப்புக் குத்தியது. ஒரு பிள்ளை, "ஐயா, அடுத்தது நடராசர்!" என்றது. நடராசர் பஞ்சலோகம் பிள்ளை, நான் இல்லை என்றேன்.

நிற்பதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டி விறைப்பாக நின்றால் கெண்டைக்கால் தசை வேலை செய்யாது. அது சுருங்கி விரிந்தால்தான் காலில் இறங்கின இரத்தம் மேலே ஏறும். ஏறாவிட்டால் தலை சுற்றும். பள்ளிக்கூடக் காலைக்கூட்டத்தில் வெயிலில் நிற்கிற பிள்ளைகள் தடாலென்று விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். முழங்காலைத் துளி மடித்துவைத்து, செருப்புக்குள்ளே பெருவிரலை அழுத்தி அழுத்தி விடுங்கள். வரைகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. தண்ணி குடிக்காமல் போகவேண்டாம். வன்னி வெக்கையில் தகரத்துக்குக் கீழே நிற்பது சும்மா நிற்பதில்லை. பார்வைக்கு அசையாத ஒன்றைப் பிடியுங்கள். நான் கூரையில் ஒரு பனஞ்சிலாகையின் கறுப்பு வைரத்தைப் பிடித்துவைத்திருக்கிறேன். தொடக்கத்தில் பல்லியைப் பிடித்தேன். பிள்ளைகளின் படத்தில் என் கழுத்து எல்லாப் பக்கமும் திரும்பியிருந்தது.

ஓய்வுக்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்புவதும் மணியோடு சேர்ந்ததுதான். அடிக்கடி ஓய்வென்றால் அடிக்கடி திரும்பவேண்டும். அதற்குச் சீமெந்துத் தரையில் பாதத்தைச் சுற்றியும் கதிரைக் காலைச் சுற்றியும் சோக்கால் கோடு போடுகிறோம். கை வைத்த இடத்தில் ஒட்டுத்தாள் துண்டு. உடம்பைத் திரும்ப வைக்கலாம், துணியை வைக்க ஏலாது. ஆனி, ஆடியில் சோளகம் வீசுகிறபோது வேட்டி மடிப்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி விழும். "ஐயா, முதல் இதிலை மூண்டு மடிப்பு இருந்தது, இப்ப நாலு!" என்று முறைப்பாடு வரும். மனிசி மடிப்புக்குள்ளே ஊசி குத்திவிடத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சண்டை நின்றது. எழும்பும்போது கவனம்.

தனி ஓவியர் பக்கத்துக்கும் நியாயம் சொல்லவேண்டும். விழுந்த அன்றைக்கே, இனி அரைமணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்துவதாகச் சொன்னார். இரண்டு நாள் நிறுத்தினார். மூன்றாம் நாள் திரும்பவும் வாய் திறந்துவிட்டது. நான் போனில் மணி வைத்தேன். அது அடிக்கிறபோதெல்லாம் அவருக்கு முகம் சுருங்கியது. மனிதரைத் தப்புச் சொல்லமாட்டேன். ஆனால் ஓய்வுக்கு ஒவ்வொரு முறையும் நான்தான் கேட்கவேண்டும், கேட்கிறபோதெல்லாம் குற்றவாளி மாதிரி இருக்கும் என்றால், அந்தக் காசு எனக்குச் சரிவராது. முடிந்த படத்தைப் பார்த்தேன். நல்ல படம். வகுப்புப் பிள்ளைகள் அப்படி வரைய இன்னும் இருபது வருசம் வேண்டும்.

அந்தப் படத்தில் ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நாலாம் நாள் "கொஞ்சம் அந்தக் காலத்தை நினைச்சுக்கொண்டு இருங்கோ, முகத்திலை வரட்டும்" என்றார். எந்தக் காலம் என்று கேட்கத் தேவையில்லை. போர் முடிந்த 2009 இல் எல்லாரையும்போல நானும் செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தவன். யாராவது கேட்டால் சொல்லுவேன். ஆனால் அதை மணித்தியாலக் கணக்கில் முகத்தில் பிடித்துவைத்திருக்க ஏலாது. நான் தபால்கந்தோர்ப் படிவங்களை நினைத்துக்கொண்டு இருந்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. படத்தில் என் கண் பெரிய துக்கத்தோடு இருக்கிறது.

வகுப்பில் யாருக்கும் என் துக்கம் வேண்டாம். என் இடதுதோள் வலதைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் வேண்டும். (இறங்கித்தான் இருக்கிறது. முப்பத்தொரு வருசம் பை தொங்கிய தோள். ஒரு பிள்ளை சொல்லித்தான் எனக்கே தெரியும்.) ஓய்வு நேரத்தில் சுற்றிவந்து பார்ப்பேன். பதினான்கு தாளில் பதினான்கு கிழவர்கள். ஒருத்தி காதை மட்டும் ஒரு மணித்தியாலம் வரைந்து வைத்திருந்தாள். பலகைகளை நிறுத்துகிற தாங்கியை மாஸ்டர் "ஈசல்" என்பார். எனக்கு ஈசல் என்றால் முதல் மழைக்கு லைற்றைச் சுற்றுவதுதான், இன்னும் பழகவில்லை.

முதுகும் முழங்காலும் திடமான, நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆளென்றால், காசு தேவையென்றால், வாய்விட்டு "போதும்" என்று சொல்லக் கூச்சமில்லையென்றால், தனி ஓவியருக்குப் போங்கள். போகும்போது நேரத்தை முதலே பேசிவிடுங்கள், மணி உங்கள் போனில் இருக்கட்டும். கால்மேல் கால் போடச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள். சிற்பம் செய்கிறவர்களுக்கு இருப்பது இன்னும் வேறாம். சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்களாம், பின்பக்கமும் ஒழுங்காக இருக்கவேண்டுமாம். எனக்கு அந்த அனுபவம் இல்லை.

வருகிற சனிக்கிழமைக்குச் சைக்கிளோடு வரச் சொல்லியிருக்கிறார் மாஸ்டர். இருபது நிமிச நிலை வேண்டுமாம். நேற்று முற்றத்தில் ஸ்ராண்டில் ஏற்றி, ஒருகாலை பெடலிலும் மற்றதை நிலத்திலும் வைத்து இருந்து பார்த்தேன். மனிசி திண்ணையிலிருந்து நேரம் பார்த்தா. பன்னிரண்டாவது நிமிசம் சீற் குத்தத் தொடங்கியது. மாஸ்டரிடம் பத்து என்று சொல்லவேண்டும்.